பிரிஸ்கெட் விலை கையைக் கடிக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘அடிமாட்டு விலை’ என்றால் நம் பேச்சில் மிக மலிவு என்று பொருள். டெக்சாஸ் கால்நடை ஏலக் கொட்டகையில் இன்றைக்குப் போய் நின்று பார்த்தால் அந்தச் சொல்லையே மாற்றிவிடத் தோன்றும். ஹூஸ்டன் நகருக்கு வெளியே வீடு. கொல்லைப்புறத்தில் துருப்பிடிக்கத் தொடங்கிய ஒரு புகையடுப்பு. பல வருடங்களாக அதில் மாட்டு நெஞ்சுக்கறியை, அதாவது பிரிஸ்கெட்டை, சுட்டு வருகிறேன். முன்பெல்லாம் நண்பர்கள் எத்தனை மணி நேரம், எந்த விறகு என்று கேட்பார்கள். இப்போது எல்லோரும் விலையைத்தான் கேட்கிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதிவைக்கிறேன்.

பிரிஸ்கெட் என்பது மாட்டின் எந்தப் பகுதி?

முன்னங்கால்களுக்கு நடுவே, நெஞ்செலும்பின் மேல் படர்ந்திருக்கும் தசை. மாட்டுக்கு நம்மைப் போலக் காறை எலும்பு கிடையாது. அதனால் உடலின் முன்பாரத்தை நெஞ்சுத் தசைகள்தாம் தாங்கிப் பிடிக்கின்றன. நிற்கும் நேரமெல்லாம் உழைக்கும் தசை என்பதால் நார் அதிகம், தசையை இறுக்கிக் கட்டும் கொலாஜன் என்ற புரதம் அதிகம், அவசரமாகச் சமைத்தால் செருப்புத் தோல். குறைந்த சூட்டில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வைத்தால் அதே கொலாஜன் உருகி, கத்தி வைத்ததும் விட்டுக்கொடுக்கும் இறைச்சியாகிறது.

ஒரு துண்டுக்குள் இரண்டு தசைகள் இருக்கின்றன. தட்டையாக, கொழுப்புக் குறைவாக இருப்பது ஃப்ளாட். அதன்மேல் ஒரு பக்கமாக மேடு தட்டி, கொழுப்போடு இருப்பது பாயிண்ட். இரண்டும் பிரியாமல் வரும் முழுத் துண்டைக் கடைகளில் ‘பேக்கர்’ என்பார்கள். எடை பெரும்பாலும் 10 முதல் 16 பவுண்டு. ஒரு மாட்டுக்கு இரண்டே இரண்டு பிரிஸ்கெட். விலையைப் பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கை மறக்கக் கூடாது. மாட்டுக்கு நெஞ்சு ஒன்றுதானே!

இது ஒரு காலத்தில் உண்மையிலேயே மலிவாக இருந்ததா?

இருந்தது. யாரும் விரும்பாத துண்டு என்பதால்தான் அது புகையடுப்புக்கே வந்து சேர்ந்தது. மத்திய டெக்சாஸில் லாக்ஹார்ட், டெய்லர் போன்ற ஊர்களில் கறிக்கடை வைத்திருந்த ஜெர்மானிய, செக் குடியேறிகள் விற்காமல் தங்கிய இறைச்சியைப் புகையில் சுட்டு, கடைத் தாளிலேயே மடித்து விற்றார்கள். லாக்ஹார்ட்டின் க்ரூட்ஸ் மார்க்கெட் 1900-இல் தொடங்கியது. டெய்லரின் லூயி மியூலர் 1949-இல். அந்த நாளில் தோள்கறிக்கும் சாசேஜுக்கும்தான் மரியாதை. பிரிஸ்கெட் ராஜாவானது பிறகுதான்.

அதன்பின் நடந்தது நம் ஊரில் நண்டுக்கும் ஆட்டுக்குடலுக்கும் நேர்ந்த கதை. இல்லாதவர் சாப்பிட்டதை இருப்பவர் ருசி கண்டுவிட்டார். 2009-இல் ஆஸ்டினில் ஒரு டிரெய்லரில் தொடங்கிய ஃபிராங்க்ளின் பார்பிக்யூ என்ற புகைக்கறிக் கடையின் முன்னால் விடியற்காலையிலேயே வரிசை நின்றது. 2013-இல் ஆர்பிஸ் என்ற துரித உணவுத் தொடர் நாடு முழுவதும் பிரிஸ்கெட் சாண்ட்விச் விற்க ஆரம்பித்தது. 2024 நவம்பரில் டெக்சாஸுக்கென்று வந்த முதல் மிஷலின் உணவகத் தரப் பட்டியலில் 4 பார்பிக்யூ கடைகளுக்கு நட்சத்திரம் கிடைத்தது. கேட்பவர்கள் பெருகினார்கள். மாடுகள் பெருகவில்லை.

சரி, இந்த ஓரிரு வருடங்களில் மட்டும் ஏன் இப்படி ஏறியது?

மாடு இல்லை. மற்ற காரணங்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

2020 முதல் தெற்குச் சமவெளியிலும் மேற்கு மாநிலங்களிலும் தொடர்ந்து வறட்சி. மேய்ச்சல் நிலம் காய்ந்தது, குட்டைகள் வற்றின, காய்ந்த புல்லின் விலை ஏறியது. தீவனம் வாங்கிக் கட்டுப்படியாகாத பண்ணைக்காரர்கள் சினைக்கு வைத்திருந்த பசுக்களையே விற்றார்கள். விதைநெல்லைக் குத்திச் சாப்பிடுவது போன்ற காரியம் இது. விற்ற வருடம் சந்தையில் இறைச்சி தாராளமாக இருந்தது; அடுத்தடுத்த வருடங்களில் கன்று ஈன ஆளில்லை. 2025 ஜனவரி 1 அன்று அமெரிக்க வேளாண் துறை எடுத்த கணக்கில் நாட்டில் இருந்த மாடுகள் 8 கோடியே 67 லட்சம். 1951-க்குப் பிறகு அதுவரை இவ்வளவு குறைந்ததே இல்லை.

இதன்மேல் ஒரு புழு வேறு வந்தது. உயிருள்ள மாட்டின் காயத்தில் முட்டையிட்டு, சதையைத் தின்னும் புழுவைப் பெருக்கும் ‘ஸ்க்ரூவர்ம்’ ஈ, மத்திய அமெரிக்காவிலிருந்து வடக்கே ஏறி மெக்சிகோவுக்குள் புகுந்தது. மலடாக்கிய ஆண் ஈக்களைக் கோடிக்கணக்கில் பறக்கவிட்டு அமெரிக்கா பல பத்தாண்டுகளுக்கு முன்பே தன் மண்ணிலிருந்து ஒழித்த பூச்சி அது. அது திரும்பி வந்துவிடும் என்ற பயத்தில் மெக்சிகோ மாடுகளுக்கு 2024 நவம்பரில் எல்லை மூடப்பட்டது, 2025 பிப்ரவரியில் திறந்தது, மே மாதம் மீண்டும் மூடியது, ஜூலையில் சில நாள் மட்டும் ஓர் எல்லைக் கதவு திறந்து மூடியது. வருடத்துக்குப் பத்து லட்சம் அளவில் அந்த வழியாக வந்து டெக்சாஸ் பட்டிகளில் கொழுத்துக்கொண்டிருந்த இளமாடுகள் அப்படியே நின்றுபோயின.

வெறும் கொத்துக்கறியே 2025 கோடையில் சராசரியாகப் பவுண்டு 6 டாலரைத் தாண்டியது. பிரிஸ்கெட் மட்டும் தனியாக ஏறவில்லை, மாடே ஏறிவிட்டது.

எப்போது குறையும்? காத்திருக்கலாமா?

காத்திருப்பவருக்குப் பொறுமை வேண்டும். மந்தையைப் பெருக்க நினைக்கும் பண்ணைக்காரர் முதலில் கிடாரிக் கன்றுகளை விற்காமல் நிறுத்திக்கொள்ள வேண்டும். அப்படி நிறுத்தினால் அந்த வருடம் வெட்டுக்குப் போகும் மாடு இன்னும் குறையும். கிடாரி பதினைந்து மாதத்தில் சினை பிடித்து, இரண்டு வயதில் ஈன்று, அந்தக் கன்று ஒன்றரை வயதுக்கு மேல் வளர்ந்து கடைக்கு வருவதற்குள் மூன்று வருடத்துக்கு மேல் ஓடிவிடும். ஆக, நல்ல மழை பெய்து எல்லோரும் மந்தை பெருக்கத் தொடங்கும் வருடத்தில்தான் விலை இன்னும் ஏறும். விலை ஏறினால் பண்ணைக்காரருக்கு நல்ல காலம் தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள். வேறு ஆறுதல் என்னிடம் இல்லை.

இதற்கு முன்னும் நடந்திருக்கிறது. 2011-இன் கொடும் வறட்சிக்குப் பிறகு 2014-இல் இதே போல மந்தை சுருங்கி, விலை ஏறி, பின் மெல்ல இறங்கியது. நிரந்தரம் இல்லை. அதற்காக அடுத்த மாதமே இறங்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கடைக்காரர்கள் கொள்ளையடிக்கிறார்களா?

கடையில் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு கறி வெட்டுபவரைத் திட்டிப் பயனில்லை. பட்டியில் கொழுத்த மாடுகளில் சுமார் 85 சதவீதத்தை டைசன், ஜேபிஎஸ், கார்கில், நேஷனல் பீஃப் என்ற நான்கே நிறுவனங்கள் வெட்டுகின்றன. மாடு வாங்கும் நிறுவனங்கள் இவ்வளவு குறைவாக இருப்பது சரியா என்ற வழக்கு அமெரிக்காவில் பல காலமாக நடக்கிறது. எனக்கும் அதில் சந்தேகம் உண்டு. ஆனால் வெட்ட மாடு கிடைக்காமல் அவர்களும் திணறுகிறார்கள். நெப்ராஸ்காவின் லெக்சிங்டனில் இருந்த தன் பெரிய ஆலையை மூடப்போவதாக டைசன் 2025 நவம்பரில் அறிவித்தது.

முழுத் துண்டு வாங்கினால் எழுபது டாலர் ஆகிறது. சின்ன ஃப்ளாட் மட்டும் வாங்கினால் மிச்சம்தானே?

இந்தக் கேள்விக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன். உறையில் ஒட்டியிருக்கும் விலை பச்சைக்கறியின் விலை. நாம் சாப்பிடுவது பச்சைக்கறி இல்லை. தட்டில் விழும் இறைச்சி பவுண்டுக்கு என்ன விலை என்று பாருங்கள். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பேக்கர் பவுண்டு 5 டாலர், ஃப்ளாட் பவுண்டு 9 டாலர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையை இதில் பொருத்திக்கொள்ளலாம்.

14 பவுண்டு பேக்கர் 70 டாலர். கெட்டிக் கொழுப்பை வெட்டியெடுத்தால் 3 பவுண்டு போகும். மீதி 11 பவுண்டு. அடுப்பில் நீரும் கொழுப்புமாக நாற்பது சதவீதம் இழக்கும். கையில் நிற்பது ஆறரை பவுண்டுக்குச் சற்று மேல். ஆக, சாப்பிடும் கறி பவுண்டு பத்தரை டாலர்.

6 பவுண்டு ஃப்ளாட் 54 டாலர். வெட்டுவது அரைப் பவுண்டுதான். ஆனால் சுட்டபின் நிற்பது 3.3 பவுண்டு. சாப்பிடும் கறி பவுண்டு 16 டாலருக்கு மேல்.

‘சிக்கனமாக’ வாங்கியவர்தான் அதிகம் கொடுத்திருக்கிறார். அதோடு, மேலே பாயிண்டின் கொழுப்பு இல்லாத ஃப்ளாட் காய்ந்துபோகும் ஆபத்தும் அதிகம். காய்ந்துபோன பிரிஸ்கெட்டை விட விலை உயர்ந்த உணவு கிடையாது. எழுபது டாலர் ஒரே மூச்சில் போவது வலிக்கத்தான் செய்யும். இரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு பேக்கர் வாங்குங்கள். பாயிண்டையும் ஃப்ளாட்டையும் கத்தியால் பிரித்து, ஒரே அடுப்பில் சுட்டு, பங்கு போட்டுக்கொள்ளலாம். பாயிண்ட் யாருக்கு என்பதில் நட்பு முறியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிரைம், சாய்ஸ், செலக்ட்: எதை வாங்குவது?

தசைக்குள் ஓடும் வெள்ளை இழைகளை முதன்மையாக வைத்து வேளாண் துறை தரம் பிரிக்கிறது. பிரைம் உயர்ந்தது, அடுத்து சாய்ஸ், அதற்கும் கீழே செலக்ட். என் அனுபவத்தில் செலக்ட் வாங்கிப் புகையில் வைப்பது வீண்; அதைக் குழம்பு வையுங்கள், அருமையாக வரும். சாய்ஸில் நன்றாகத் தேர்ந்தெடுத்தால் பிரைமுக்குப் பக்கத்தில் வந்துவிடும். சில வாரங்களில் காஸ்ட்கோ போன்ற மொத்தக் கடைகளில் பிரைமுக்கும், மற்ற கடைகளின் சாய்ஸுக்கும் பவுண்டுக்குச் சில காசுகளே வித்தியாசம் இருக்கும். அன்றைக்கு யோசிக்காமல் பிரைமை எடுக்கலாம்.

‘ஆங்கஸ்’ என்பது தரம் அல்ல, மாட்டின் இனம். ஆங்கஸிலும் செலக்ட் உண்டு. ஒரு கடையில் பளபளக்கும் கறுப்பு ஸ்டிக்கரைப் பார்த்து, தர முத்திரையைத் தேடாமலே பவுண்டுக்கு ஒன்றரை டாலர் கூடுதலாகக் கொடுத்து வாங்கி வந்தேன். வீட்டில் உறையைப் பிரித்தால் உள்ளே ஒரு வெள்ளை இழை இல்லை. ஸ்டிக்கர் மட்டும்தான் கொழுத்திருந்தது.

கடையில் எப்படிப் பொறுக்குவது?

வெட்கப்படாமல் கையில் எடுங்கள். உறையின் நடுவில் ஒரு கையைக் கொடுத்துத் தூக்கினால் இரண்டு முனையும் தொங்க வேண்டும். பலகை போல விறைத்து நின்றால் கெட்டிக் கொழுப்பு அதிகம் அல்லது பாதி உறைந்திருக்கிறது. பிறகு ஃப்ளாட்டின் கடைசி முனையைப் பாருங்கள். அது ஒரு அங்குலத்துக்கும் குறைவாக மெலிந்திருந்தால் அந்தப் பகுதி கருகும், நீங்கள் வெட்டி எறிவீர்கள், எறிவதற்கும் சேர்த்துக் காசு கொடுத்திருப்பீர்கள். முனை வரை ஒரே தடிமனாக இருக்கும் துண்டே நமக்கு வேண்டியது.

கொழுப்பை உறையின்மேல் கட்டைவிரலால் அழுத்துங்கள். குழிந்தால் அது உருகும் கொழுப்பு. கல் போல நின்றால் எத்தனை மணி நேரம் வைத்தாலும் உருகாது. உறை ஊதியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

ஒரு சனிக்கிழமை, குளிர்ப்பெட்டியின் முன்னால் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு டெக்சாஸ்காரர் பதினாறு துண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணிக்கொண்டே நின்றதால் பதினாறு என்று தெரியும். கடைசியில் முதலில் எடுத்ததையே வண்டியில் போட்டார். நம் பாட்டிகள் கத்தரிக்காய் பொறுக்கிய அதே முகம்.

எந்த நாட்களில் விலை இறங்கும்?

மே கடைசியில் வரும் மெமோரியல் டே, ஜூலை 4, செப்டம்பர் தொடக்கத்தில் வரும் லேபர் டே. இந்த மூன்றையும் ஒட்டிக் கடைகள் பிரிஸ்கெட்டைக் குறைத்து விற்று ஆளை இழுக்கும்; நட்டத்தைக் கரியிலும் ரொட்டியிலும் குளிர்பானத்திலும் எடுத்துக்கொள்ளும். எச்.இ.பி. போன்ற உள்ளூர்க் கடைகளின் வார விளம்பரத்தாளைப் பாருங்கள். ஒருவருக்கு இத்தனைதான் என்ற வரம்பு பெரும்பாலும் இருக்கும். பண்டிகைக்கு முந்தைய நாள் மாலையில் போனால் மிஞ்சியிருப்பது விறைத்த பலகைகள்தான்.

இன்னொரு நல்ல நேரம் மார்ச் 17, செயின்ட் பேட்ரிக் தினம். அன்றைக்காக உப்புநீரில் ஊறவைத்த பிரிஸ்கெட்டை ‘கார்ன்ட் பீஃப்’ என்று அடுக்கிவைப்பார்கள். மறுநாள் அதற்கு ஆளிருக்காது, விலை சரியும். வாங்கி, ஓர் இரவு முழுக்கத் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை இறக்கி, இடித்த மிளகும் கொத்தமல்லி விதையும் அப்பிப் புகையில் வையுங்கள். பாஸ்ட்ராமி என்ற புகைபோட்ட உப்புக்கறி ஆகிவிடும். மிளகும் மல்லியும் இல்லாத தமிழ் வீடு உண்டா என்ன?

தள்ளுபடியில் வாங்கிச் சேர்த்துவைக்கலாமா?

தாராளமாக. ஆலையிலிருந்து வந்த வெற்றிட உறை பிரியாமல் இருந்தால் குளிர்ப்பெட்டியிலேயே சில வாரம் தாங்கும். அப்படி இருப்பதால் இறைச்சி இன்னும் மிருதுவாகும். ஆனால் எண்ண வேண்டியது நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை, ஆலையில் உறையிட்ட நாளிலிருந்து. அது கறி வந்த அட்டைப்பெட்டியில் அச்சாகியிருக்கும். கறிப்பகுதியில் இருப்பவரிடம் கேட்டால் பார்த்துச் சொல்வார். தேதி தெரியாவிட்டால் வம்பு வேண்டாம், உறைபெட்டியில் போடுங்கள். மாதக்கணக்கில் இருக்கும்.

உருக்குவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 12 பவுண்டுத் துண்டு குளிர்ப்பெட்டியில் உருக மூன்று நாள் ஆகும். சனிக்கிழமை அடுப்பில் வைக்க வேண்டுமென்றால் புதன்கிழமை காலையிலேயே கீழே இறக்கிவிடுங்கள். சமையல் மேடையில் இரவு முழுக்க வைத்து உருக்குவது மருத்துவமனைச் செலவில் முடியலாம்.

வெட்டியெடுத்த மூன்று பவுண்டு கொழுப்பு வீண்தானே?

அதற்கும் காசு கொடுத்திருக்கிறீர்கள், அதைக் குப்பையில் போடாதீர்கள். மேல் கொழுப்பைக் கால் அங்குலம் விட்டு மீதியைச் சீவுங்கள். இறைச்சி குளிர்ந்திருக்கும்போது கத்தி வழுக்காது. அறைச் சூட்டுக்கு வந்துவிட்டால் கையெல்லாம் மெழுகாகிவிடும். பாயிண்டும் ஃப்ளாட்டும் சேரும் இடத்தில் சந்தன நிறத்தில் ஒரு கெட்டிக் கொழுப்பு இருக்கும். அதையும் தோண்டி எடுங்கள்.

சீவியவற்றைச் சிறு துண்டுகளாக்கி, கனமான பாத்திரத்தில் அரை டம்ளர் தண்ணீரோடு மிகச் சிறு தீயில் வையுங்கள். முதலில் கலங்கலாக இருக்கும். தண்ணீர் வற்றி, சலசலப்பு அடங்கும்போது தெளிந்த பொன்னிறக் கொழுப்பு மேலே நிற்கும். வடிகட்டினால் ஆறியபின் வெண்ணெய் போல உறையும். பிரிஸ்கெட்டைத் தாளில் மடிக்கும்போது தாளில் தடவ ஒரு கரண்டி. மீதி உருளைக்கிழங்கு வறுவலுக்கு. கடலை எண்ணெயில் வளர்ந்த நாக்குக்கே அது பிடித்துப்போகிறது.

கொழுப்போடு ஒட்டிவந்த கறித் துணுக்குகளைத் தனியாக எடுத்து உறைபெட்டியில் ஒரு பையில் சேருங்கள். இரண்டு மூன்று முறை சேர்ந்தால் அரைத்துக் கோலா உருண்டையோ பர்கரோ செய்யலாம். எல்ஜின், லாக்ஹார்ட் கடைகளின் சாசேஜும் துணுக்குகளை வீணாக்கக் கூடாது என்ற எண்ணத்தில் வளர்ந்த பண்டம்தான்.

‘ஏழையின் பிரிஸ்கெட்’ என்று தோள்பகுதி சக் ரோஸ்ட்டைச் சொல்கிறார்களே?

பெயர் பழையது, விலை புதியது. மேலே போட்ட கணக்கையே போடுங்கள். பவுண்டு 9 டாலருக்கு 3 பவுண்டு வாங்கினால் 27 டாலர். சுட்டபின் நிற்பது 1.8 பவுண்டு, பவுண்டு 15 டாலர். ஏழை எங்கே இருக்கிறார் இதில்? மூன்று பேர் கொண்ட வீடு, ஐந்தாறு மணி நேரத்தில் சாப்பாடு வேண்டும் என்றால் சக் நல்லது. மிச்சம் பிடிக்கத்தான் என்றால் வேண்டாம்.

மாட்டிலேயே வேறு துண்டு வேண்டுமென்றால் கன்னக்கறியைத் தேடுங்கள். பிரிஸ்கெட்டை விடவும் கொலாஜன் நிறைந்தது, புகையில் மணி மணியாக வரும். ஆஸ்டினின் லீராய் அண்ட் லூயிஸ் கடை பெயர் வாங்கியதே இப்படிப்பட்ட துண்டுகளால்தான். மெக்சிகோக்காரர்களின் கறிக்கடைகளில் கன்னக்கறி எப்போதும் கிடைக்கும்.

மாட்டை விட்டு வெளியே போகலாம் என்றால்?

கணக்குப்படி வெல்வது பன்றித் தோள். பவுண்டு இரண்டரை டாலருக்கு 8 பவுண்டு வாங்கினால் 20 டாலர். எலும்பும் இழப்பும் போக நான்கரை பவுண்டு அளவில் நிற்கும். சாப்பிடும் கறி பவுண்டு நான்கரை டாலர். சூடு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் மன்னித்துவிடும் இறைச்சி. புதிதாகப் புகையடுப்பு வாங்கியவர்கள் எழுபது டாலர் பிரிஸ்கெட்டில் கைப்பழக்காமல் இதில் பழகுங்கள்.

பன்றி சாப்பிட மாட்டோம். எங்களுக்கு?

வான்கோழி நெஞ்சு. டெக்சாஸ் கடைகளில் பிரிஸ்கெட்டுக்குப் பக்கத்திலேயே இதற்கும் இடமுண்டு. உப்புநீரில் இரவு ஊறவைத்து, மிளகு தூவி, மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். அதைவிட மலிவு கோழித்தொடை. பத்துப் பவுண்டுப் பையாகவே விற்கும். ஆடு சுவைதான், இந்த நாட்டில் விலையும் சுவைக்குத் தகுந்ததே. கென்டக்கியின் ஓவன்ஸ்பரோவில் செம்மறிக்கறிதான் பார்பிக்யூ என்பதை ஆட்டுக்கறிப் பிரியர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

ஹலால் பிரிஸ்கெட் வேண்டுவோர் கடைக்காரரிடம் இரண்டு நாள் முன்பே சொல்லிவையுங்கள், “கொழுப்பைச் சீவாதீர்கள், பிரிக்காதீர்கள், முழுசாக வேண்டும்” என்று. குழம்புக்கு வாங்குகிறோம் என்று நினைத்து அன்போடு கொழுப்பையெல்லாம் சீவிக் கொடுத்துவிடுவார்கள்.

விறகு, கரி, மின்சாரச் செலவைக் குறைக்க வழி உண்டா?

உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உள்சூடு 150 முதல் 170 டிகிரி பாரன்ஹீட்டுக்குள் வரும்போது இறைச்சி ஒரே இடத்தில் நின்றுவிடும். மணிக்கணக்கில் முள் நகராது. வியர்க்கும் உடம்பு குளிர்வதைப் போல, மேற்பரப்பில் நீர் ஆவியாகிக் குளிர்விப்பதால் வரும் தேக்கம் அது. மேலே கறுத்த பொருக்கு நன்றாகப் பிடித்தபின் தாளிலோ அலுமினியத் தகட்டிலோ இறுக்கி மடித்துவிட்டால் தேக்கம் உடையும். மடித்தபின் புகை உள்ளே போகப்போவதில்லை. ஆகவே மீதி நேரத்துக்கு வீட்டு அவனில் 250 டிகிரியில் வைத்துவிடலாம். சுமார் 203 டிகிரிக்கு வந்து, கம்பி குத்தினால் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் முடிந்தது. போஸ்ட் ஓக் விறகில் பாதி மிச்சம். பழைய ஆட்கள் ஏமாற்று வேலை என்பார்கள். சாப்பிடும்போது சொன்னதில்லை.

ஒருவருக்கு எவ்வளவு என்று கணக்கிடுவது?

பிரிஸ்கெட் மட்டும்தான் என்றால் சுட்ட கறி அரைப் பவுண்டு. கோழி, சாசேஜ், பீன்ஸ், உருளைக்கிழங்கு சாலட் எல்லாம் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு பவுண்டு போதும். அந்தக் கணக்கில் மேலே சொன்ன 14 பவுண்டுத் துண்டு இருபது பேருக்கு வரும். நம் வீட்டு விருந்தில் பிரிஸ்கெட்டைக் கடைசியாக வையுங்கள். முதலில் வைத்தால் முதல் ஐந்து பேரோடு தீர்ந்துவிடும், ஆறாவது ஆள் என் மாமனாராகத்தான் இருப்பார்.

பண்ணைக்காரரிடம் பாதி மாடு வாங்கினால் லாபமா?

கொத்துக்கறி, ஸ்டேக், எலும்பு என்று எல்லாம் சாப்பிடும் குடும்பத்துக்கு லாபமாக இருக்கலாம். பிரிஸ்கெட்டுக்காக வாங்கினால் ஏமாற்றம். பாதி மாட்டில் பிரிஸ்கெட் ஒன்றே ஒன்று. விலை பேசுவது தொங்கும் எடைக்கு, அதாவது தோலும் குடலும் தலையும் போனபின் கொக்கியில் தொங்கும் எடைக்கு. வெட்டி, எலும்பெடுத்து வீட்டுக்கு வருவது அதில் அறுபது அறுபத்தைந்து சதவீதம். பாதி மாடு 325 பவுண்டு தொங்கினால் 200 பவுண்டு வரும். அதற்கு உறைபெட்டியில் 6 கன அடியாவது காலி இடம் வேண்டும். வெட்டுக்கூலி தனி. வெட்டுபவரிடம் பிரிஸ்கெட்டை முழுசாக வைக்கச் சொல்ல மறந்தால் அதையும் அரைத்துக் கொத்துக்கறியில் சேர்த்துவிடுவார்.

பார்பிக்யூ கடையில் சுட்ட பிரிஸ்கெட்டுக்குப் பவுண்டு 30 டாலருக்கு மேல் கேட்கிறார்கள். அநியாயமில்லையா?

பச்சைக்கறி சுட்டபின் பாதியாகிறது என்று பார்த்தோம். அதன்மேல் விறகு, இரவு முழுக்கக் கண்விழிக்கும் ஆள், வாடகை. பெரிய லாபம் என்று எனக்குத் தோன்றவில்லை. பல கடைகளில் பிரிஸ்கெட் ஆளை இழுக்க, லாபம் தருவது மற்ற பதார்த்தங்கள். மத்திய டெக்சாஸ் கடைகளில் எடை போட்டுத்தான் விற்பார்கள். கால் பவுண்டு என்று கேட்கலாம், யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். கொழுப்புள்ள பக்கம் வேண்டுமென்றால் ‘மாய்ஸ்ட்’ என்று கேளுங்கள்.

மிஞ்சியதை என்ன செய்வது?

அறுக்காமல் துண்டாகவே வையுங்கள். அறுத்தது சீக்கிரம் காயும். குளிர்ப்பெட்டியில் மூன்று நான்கு நாள், உறைபெட்டியில் இரண்டு மூன்று மாதம். சூடாக்கும்போது வடிந்த சாற்றை ஊற்றி மூடி, சிறு தீயில். எங்கள் வீட்டில் ஞாயிறு இரவு அதைப் பொடியாக நறுக்கி, வெங்காயம், பச்சை மிளகாய், முட்டையோடு கொத்துப் பரோட்டா ஆக்குவது வழக்கம். போன மாதம் என் மகள் அதற்காகவே சனிக்கிழமை விருந்தில் இரண்டு துண்டுகளைத் தாளில் சுற்றி, காலிஃபிளவர் பைக்குக் கீழே ஒளித்துவைத்திருந்தாள்.